அம்மா கடைக்கு ஃபோன் வந்தால் யார் எடுப்பது? சிறு வணிகங்களுக்கு ஏற்ற தொலைபேசி ஏற்பாடு எது?

சனிக்கிழமை காலை பதினொரு மணி. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கழுத்தில் அளவு டேப், உதட்டில் குண்டூசி, முன்னால் மூன்று பேர் வரிசையில். துணிக் குவியலுக்கு அடியில் எங்கோ ஃபோன் அடிக்கிறது. ஏழெட்டு தடவை அடித்து நின்றுவிடுகிறது. "அப்புறமா கூப்பிட்டுக்கலாம்" என்கிறார் அம்மா. அந்த 'அப்புறம்' வரும்போது இரவு ஒன்பது மணி. அழைத்தவர் அதற்குள் கூகள் காட்டிய அடுத்த கடைக்குப் பேசி, ப்ளவுஸ் துணியையும் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தக் கடையின் முதலாளி இல்லை. அந்த முதலாளியின் மகனோ மகளோதான். "நீ படிச்ச பிள்ளைதானே, இதுக்கு ஏதாச்சும் ஒரு சிஸ்டம் போட்டுக் கொடேன்" என்ற கோரிக்கை உங்களிடம்தான் வரும். நீங்களும் இணையத்தில் தேடுவீர்கள். மெய்நிகர் வரவேற்பாளர், கிளவுட் பிபிஎக்ஸ், ஏஐ முகவர் என்று வரிசையாக விளம்பரங்கள் வரும். எல்லாமே மாதக் கட்டணம், எல்லாமே 'இலவச சோதனை'.

எதற்கும் பணம் கட்டும் முன் இரண்டு வாரம் பொறுங்கள். முதலில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும்.

எந்த அழைப்பு தவறுகிறது?

கடை ஃபோனின் அழைப்புப் பட்டியலைத் திறந்து, தவறிய அழைப்புகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, பழைய வாடிக்கையாளரா புதிய எண்ணா, திருப்பி அழைத்தபோது என்ன சொன்னார் என்று நான்கு விவரம் போதும்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியவரும். சாப்பாட்டுக் கடை என்றால் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் அழைப்புகள் குவிந்திருக்கும். மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு சனி, ஞாயிறு விடியற்காலை. அப்போது அவர் கை முழுக்க வேலை. ஏர்கோன் பழுதுபார்ப்பவருக்கு ஏணியில் நிற்கும் நேரம். கடை மூடிய பிறகு வரும் அழைப்புகள் வேறு ரகம். அவற்றில் பெரும்பாலானோர் கேட்பது "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்ற ஒரே கேள்வியாக இருக்கலாம். அதற்கு எந்தச் சிஸ்டமும் வேண்டாம். கூகள் வரைபடத்தில் கடை நேரத்தைச் சரியாகப் போட்டாலே பாதி அழைப்பு குறைந்துவிடும்.

மீதியைப் பணமாக்கிப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, வாரத்தில் பத்து அழைப்பு தவறுகிறது, அதில் இரண்டு உண்மையான ஆர்டர், ஒரு ஆர்டர் 150 ரிங்கிட் என்றால் மாதத்துக்கு 1,200 ரிங்கிட் போகிறது. இந்த எண் கையில் இருந்தால், விற்பனைப் பிரதிநிதி சொல்லும் மாதக் கட்டணம் அதிகமா குறைவா என்று நீங்களே சொல்லிவிடலாம். இல்லையென்றால் அவர் சொல்வதுதான் கணக்கு.

ஒரு சவப்பெட்டிக் கடைக்காரரின் கோபம்

தவறிய அழைப்பு போட்டிக் கடைக்குப் போகும் கவலை நம் காலத்துக் கவலை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச் சடங்குத் தொழில் செய்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்த பெண், போட்டியாளரின் மனைவி. தனக்கு வர வேண்டிய அழைப்புகளை அவர் தன் கணவருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஆள் இல்லாமல் தானே இணைக்கும் தொலைபேசி நிலையம். 1891-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது வேலைசெய்யத் தொடங்கியது.

அதன் பிறகு உலகம் முழுக்க, இணைப்புக் கொடுப்பவர்களின் வேலையை இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. ஆனால் அலுவலகங்களுக்குள் அந்த வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு அதில் தனி இடம் உண்டு. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது இங்கேதான். அதன் கர்னி பயிற்சி மையத்தில் கற்றுக்கொடுத்த தொழில்களில் ஒன்று தொலைபேசி இயக்குநர் வேலை. பார்வை தேவைப்படாத வேலை அது. காதும் ஞாபகமும் போதும். குரலைக் கேட்டே யார் என்று அறிந்து, எங்கே இணைக்க வேண்டுமோ அங்கே இணைக்க வேண்டும்.

இன்றைக்கு விற்கப்படும் எந்தக் கருவியையும் அந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அழைப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், அதைத் தரக்கூடிய மனிதரிடம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறார்? மற்றதெல்லாம் அலங்காரம்.

காசு செலவில்லாமல் தொடங்கலாம்

முதல் படி, கைப்பேசியிலேயே இருக்கும் அழைப்புத் திருப்பல். கடை எண்ணை யாரும் எடுக்காவிட்டால் இன்னொருவரின் ஃபோனுக்கு அழைப்பு தானாகப் போகும். விசைப்பலகையில் **61* என்று தட்டி, திருப்ப வேண்டிய எண்ணையும் அதன் பின் # குறியையும் சேர்த்து அழைத்தால் போதும். லைன் பிஸியாக இருக்கும்போது திருப்ப **67*, ஃபோன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாமல் இருந்தாலோ திருப்ப **62*. எல்லாவற்றையும் நீக்க ##002#. இவை ஜிஎஸ்எம் வகைக் கைப்பேசிச் சேவைகளுக்கான பொதுக் குறியீடுகள். உங்கள் நிறுவனம் எல்லாவற்றையும் அனுமதிக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள். திருப்பப்படும் அழைப்பின் இரண்டாவது பாதிக்குக் கட்டணம் பொதுவாகக் கடைக்காரரின் கணக்கில் ஏறும். 'அளவற்ற அழைப்பு' திட்டத்தில் அது அடங்குமா அடங்காதா என்பது பில் வந்த பிறகு தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே குறியீடுகள்தான் மோசடிக்காரர்களின் ஆயுதமும். "உங்கள் சிம் முடக்கப்படும், **21* என்று தட்டி இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். **21* என்பது எல்லா அழைப்புகளையும் திருப்பும் குறியீடு. வங்கி குரல் வழியாகச் சொல்லும் ஒருமுறைக் கடவு எண்கூட அவர்களுக்குப் போய்விடும். இந்தத் தொல்லையால்தான் இந்தியா 2024 ஏப்ரலில் இவ்வகைக் குறியீட்டு வழித் திருப்பலையே நிறுத்திவைத்தது. கடையில் அம்மாவுக்கும் வேலையாட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

இரண்டாவது, வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. 2018 முதல் இருக்கிறது, இலவசம். கடை மூடிய நேரத்தில் தானாகப் பதில் அனுப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குத் தயார் பதில்களைச் சேமித்துக்கொள்ளும், பொருள் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணை நான்கு கூடுதல் கருவிகளில் இணைக்கலாம் என்பதால், அம்மா கடையிலும் நீங்கள் கல்லூரியிலும் இருந்துகொண்டு ஒரே உரையாடலைப் பார்க்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: பழைய 03 வீட்டு எண்ணையும் இதில் பதியலாம். குறுஞ்செய்திக்குப் பதில் குரல் அழைப்பில் சரிபார்ப்பு எண் வரும். கிள்ளானில் 03-3 என்று தொடங்கும் பழைய எண் கடைப் பலகையில் இருபது வருஷமாக இருக்கிறதென்றால், அதே எண்ணில் வாட்ஸ்அப்பும் ஓடும்.

ஆனால் வாட்ஸ்அப் இருந்தால் ஃபோன் எதற்கு என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்குச் சமையல் சொல்ல வரும் பெரியம்மா டைப் பண்ண மாட்டார். இருநூறு பேருக்கா முந்நூறு பேருக்கா, சைவமா அசைவமா, பாயசம் உண்டா இல்லையா என்று பேசித்தான் முடிவு செய்வார். எண்ணெய்க் கையோடு உடம்பு பிடித்துவிடும் பிரிக்பீல்ட்ஸ் பார்வையற்ற மசாஜ் கலைஞருக்கும், திரையில் குவியும் செய்திகளைவிட ஒரு குரல் அழைப்பு லேசு. இன்னொன்று: வாட்ஸ்அப்பில் வரும் குரல் அழைப்புக்கு மேலே சொன்ன திருப்பல் குறியீடுகள் செல்லாது. அது இணையம் வழியாக வருவது.

தவறிய அழைப்புக்குத் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவைகளும் உண்டு. அதில் உங்கள் மெனுவின் இணைப்பை வைக்க நினைத்தால் நடக்காது. மோசடியைத் தடுக்க, இணைய இணைப்புள்ள குறுஞ்செய்திகளை மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2023 முதல் கட்டம் கட்டமாகத் தடுத்துவருகின்றன. வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளவுட் பிபிஎக்ஸ் யாருக்கு?

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. கடைக்கு ஒரே எண். அது அடித்தால் மூன்று பேரின் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்கும், அல்லது ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். யார் முதலில் எடுக்கிறாரோ அவர் பேசுவார். முன்பு அலுவலக மூலையில் இருந்த இணைப்புப் பெட்டி இப்போது இணையத்தில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான். டிஎம், மேக்சிஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் சிறிய நிறுவனங்கள் பலவும் இத்தகைய சேவைகளை விற்கின்றன.

அழைப்பு எடுக்கக் குறைந்தது இரண்டு பேராவது இருந்தால்தான் இதற்கு அர்த்தம். ஒரே ஆள் நடத்தும் கடையில் மூன்று ஃபோன் அடித்து என்ன பயன்?

இதன் உண்மையான பலன் வேறு ஒன்று. திருப்பி அழைக்கும்போது வாடிக்கையாளரின் திரையில் கடை எண் தெரியும். இப்போது தெரியாத எண் என்றால் யாரும் எடுப்பதில்லை. வேலையாள் தன் சொந்த எண்ணிலிருந்து நாலு தடவை கூப்பிட்டும் பதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதோடு, வேலையாளின் சொந்த எண்ணிலேயே பேசிப் பழகிய வாடிக்கையாளர், அந்த வேலையாள் விலகிப் போகும்போது அவரோடே போய்விடுவார்.

"ஆங்கிலத்துக்கு 1, மலாய்க்கு 2, தமிழுக்கு 3" என்று ஆரம்பிக்கும் பதிவுக் குரல் வேண்டுமா? ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் என் ஓட்டு வேண்டாம் என்பதே. பூ மாலை கேட்க வந்தவரை எண் அழுத்தவைத்தால் அவர் அடுத்த கடைக்குத்தான் அழுத்துவார். ஆனால் கிளினிக், கணக்காளர் அலுவலகம் போன்ற இடங்களில் இரண்டே இரண்டு தேர்வு கொடுப்பது உதவும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: கடையில் இணையம் போனால், மின்சாரம் தடைப்பட்டால் அழைப்பு எங்கே போகும்? "தானாகக் கைப்பேசி எண்ணுக்குத் திரும்பும்" என்ற பதில் வர வேண்டும். விற்பவர் யோசித்தார் என்றால் நீங்களும் யோசியுங்கள்.

ஆள் வைத்துப் பதில் சொல்லும் சேவைகளும் கோலாலம்பூரில் உண்டு. மெய்நிகர் அலுவலகம் நடத்தும் நிறுவனங்கள் உங்கள் கடைப் பெயரைச் சொல்லி அழைப்பை எடுத்து, செய்தியை உங்களுக்கு அனுப்பும். தமிழில் பேச ஆள் இருக்கிறாரா, எத்தனை மணி வரை இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். விலை, தேதி எதுவும் தெரியாத ஒருவர் "சொல்லிவிடுகிறேன்" என்று மட்டுமே சொல்ல முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏஐ பேசுமா, நம் தமிழில்?

இப்போது அதிகம் விளம்பரமாவது இதுதான். அழைப்பை எடுத்து, கேட்டுப் புரிந்துகொண்டு, முன்பதிவு செய்துகொடுக்கும் குரல் மென்பொருள். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் வாடிக்கையாளர்கள் என்றால் முயன்று பார்க்கலாம்.

நம் சிக்கல் மொழி. "அக்கா, என் ப்ளவுஸ் சியாப் ஆயிருச்சா? நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து அம்பேல் பண்ணிக்கிறேன், போலே?" இந்த இரண்டு வரிக்குள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் இருக்கிறது. கிள்ளானில் பிறந்த ஆறு வயதுக் குழந்தைக்கு இது புரியும். 'தமிழ் ஆதரவு உண்டு' என்று எழுதியிருக்கும் மென்பொருளுக்குப் புரியுமா என்பதைச் செய்முறை விளக்கத்தில் கண்டுபிடிக்க முடியாது. இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் பாட்டியை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பின்னணியில் தையல் மெஷின் ஓடட்டும். ஸ்பீக்கரில் பாட்டும் ஓடட்டும். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை வாங்கினால், விலையையும் முடிக்கும் தேதியையும் அது தானாக வாக்குக் கொடுக்காதபடி அமைத்துவிடுங்கள். "புதன்கிழமை தந்துடுவோம்" என்று இயந்திரம் சொல்லிவிட்டால், புதன்கிழமை வாடிக்கையாளரின் முன்னால் நிற்பவர் அம்மா.

எண் யார் பெயரில்?

இதுவரை சொன்னதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எண்ணை அப்படி மாற்ற முடியாது. கடைப் பலகை, பில் புத்தகம், ஒவ்வொரு தை மாதத்துக்கும் முன்பு அச்சடித்துக் கொடுக்கும் காலண்டர், வேன் கதவு என்று எல்லா இடத்திலும் இருப்பது அதுதான். யாரோ ஒருவரின் சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரை நீங்கள் போய்த் திருத்த முடியாது.

அதனால் இன்றே பாருங்கள்: கடை எண்ணின் சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? முன்னாள் பங்குதாரர் பெயரிலா, ஊருக்குப் போய்விட்ட மாமா பெயரிலா, வேலையை விட்டு நின்ற பையன் பெயரிலா? தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கண்ணில் அந்த எண் அவருடையது. முன்கட்டண சிம் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறித்த காலத்துக்குள் பணம் நிரப்பாவிட்டால் எண் ரத்தாகும், பிறகு வேறு யாருக்காவது போகும். கடைக்கான எண்ணைப் பின்கட்டணமாக மாற்றி, எஸ்எஸ்எம்-இல் பதிந்த வணிகத்தின் பெயரிலோ உரிமையாளரின் பெயரிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி மலேசியாவில் 2008 முதல் இருக்கிறது. ஆனால் கிளவுட் சேவை விற்பவர் தரும் புதிய எண் அப்படி இல்லாமல் இருக்கலாம். "ஒப்பந்தம் முடிந்தால் இந்த எண்ணை நான் எடுத்துப் போகலாமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முடியாது என்றால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு அதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவதே பாதுகாப்பு. பலகையில் பழைய எண்தான் இருக்க வேண்டும்.

1-300, 1-800 எண்கள் பற்றியும் கேட்பீர்கள். 1-800 எண்ணுக்கு அழைப்பவர் காசு கட்ட வேண்டியதில்லை, முழுச் செலவும் கடைக்கு. 1-300 எண்ணில் செலவு இருவருக்கும் பிரியும். நாடு முழுக்கக் கிளைகள் இருந்தால் பொருத்தம். பிரிக்பீல்ட்ஸில் ஒரே கடை என்றால் பந்தாவுக்குத்தான் உதவும்.

சட்டமும் வரியும்

அழைப்புகளைப் பதிவுசெய்யும் வசதியைப் பல சேவைகள் இலவசமாகவே தருகின்றன. தட்டிவிடுவதற்கு முன் ஒரு நிமிடம். பெயர், எண், முகவரி, குரல் எல்லாம் தனிநபர் தரவு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறிய கடை, பெரிய கடை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தரவு எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்கிறது அது. தமிழிலும் ஒரு வரி சேர்ப்பது உங்கள் மரியாதை.

2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2025-இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து இருக்கிறது. ஆக, உங்களுக்குத் தேவையில்லாத பதிவுகளை மாதக்கணக்கில் சேர்த்துவைப்பது சொத்து இல்லை, சுமை. வெளிநாட்டுச் சேவை என்றால் பதிவுகள் எந்த நாட்டில் வைக்கப்படுகின்றன என்பதையும் கேளுங்கள்.

விலையைப் பார்க்கும்போது சேவை வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் பொதுவான சேவை வரி 8 விழுக்காடானபோது, தொலைத்தொடர்புச் சேவைக்கு 6 விழுக்காடே தொடர்ந்தது. வெளிநாட்டு மென்பொருள் சந்தா டிஜிட்டல் சேவைக் கணக்கில் 8 விழுக்காட்டில் வரும். அமெரிக்க டாலரில் கட்டணம் என்றால் ரிங்கிட் ஏற இறங்க உங்கள் பில்லும் ஆடும்.

முடிவெடுத்து, ஏதோ ஒன்றை அமைத்தும் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு, அம்மாவிடம் சொல்லாமல், அவருக்குத் தெரியாத ஓர் எண்ணிலிருந்து நண்பரை விட்டுக் கடைக்கு அழைக்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை அடித்தது, யார் எடுத்தார், எந்த மொழியில் வணக்கம் சொன்னார், எடுக்கவில்லையென்றால் எத்தனை நிமிடத்தில், எந்த எண்ணிலிருந்து திருப்பி அழைத்தார்கள் என்று அவர் எழுதித் தரட்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்திய வாரம் இன்னொரு தடவை. அந்தச் சீட்டை முதல் இரண்டு வாரத்து நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.